முன்சக்கர ஒழுங்கமைவு

முன்சக்கர ஒழுங்கமைவு (வீல் அலைன்மென்ட்) என்பது சீருந்தின் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியும் தரையை நோக்கியும் நிற்கும் கோணங்களைக் குறிக்கும். உள்நோக்கு (டோ-இன்), சாய்வு (கேம்பர்), காஸ்டர் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. எளிய கருவிகளைக் கொண்டு வீட்டில் நம்பகமாகத் திருத்தக்கூடியது உள்நோக்கு மட்டுமே.

இரு டயர்களின் முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிடக் குறைந்திருப்பது உள்நோக்கு எனவும், மிகுந்திருப்பது வெளிநோக்கு எனவும் வழங்கப்படும். 580 மிமீ விட்டமுள்ள டயர்களில் இவ்வேறுபாடு 6 மிமீ ஆனால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். புதிய டயரும் ஓரத்தில் விரைவாகத் தேய்வது இதனாலேயே.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு

தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கி வந்தது. அந்நிறுவனம் 1961இல் அறிமுகப்படுத்திய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரித்தானிய டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமாகும். வீட்டில் பழுது பார்க்க இதனினும் வசதியான வண்டி அரிது. எஞ்சின் மூடி மட்கார்டுகளுடன் சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்வதால் டை ராடுகள் தெளிவாகத் தெரியும். கீழ்ப் புயத்தின் தாங்கிகளுக்குப் பின்னுள்ள ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துக் கேம்பரையும் இதில் மாற்ற இயலும். பின்னர் வந்த மாருதி 800இல் உள்நோக்கு மட்டுமே திருத்தத்தக்கது.

அளத்தல்

டயர்க் காற்றைச் சரிசெய்து, பால் ஜாயின்ட், டை ராடு முனை, சக்கர பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருப்பின் எவ்வளவு கவனமாக அளந்தாலும் பயனில்லை. இப்பகுதி வீடுகளின் கார் நிறுத்துமிடங்கள் மழைநீர் வடியச் சரிவாக அமைவதால், சமதளம் தேடுவது நன்று. ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரு டயர்களின் முன்பக்கத்தில் அச்சு உயரத்தில் சாக்பீஸால் குறியிட்டு இடைவெளியை அளக்கவும். பின்னர் அக்குறிகள் பின்பக்கம் வரும்வரை வண்டியை முன்னோக்கி உருட்டி மீண்டும் அளக்கவும். ஒரே குறிகளைப் பயன்படுத்துவதால் ரிம்மின் கோணல் கணக்கில் கலவாது.

திருத்துதல்

வண்டிக்கு அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது; தாங்கி (ஸ்டாண்டு) அவசியம். டை ராடின் லாக் நட்டையும் ரப்பர் உறையின் கிளிப்பையும் தளர்த்த வேண்டும். கிளிப்பை விட்டுவிட்டால் உறை முறுக்கிக் கிழியும். ஸ்டியரிங் கோணாதிருக்க இருபுறமும் சம அளவு திருக வேண்டும். டை ராடு அச்சுக்கு முன்னால் அமைந்த வண்டிகளில் அதனை நீட்டினால் உள்நோக்கு குறையும். பின்னால் அமைந்தவற்றில் கூடும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் சில மீட்டர் உருட்டிய பிறகே மறுபடி அளக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

பள்ளத்தில் மோதி வளைந்த புயத்தை இம்முறை காட்டிக்கொடுக்காது. உள்நோக்கு சரியாக இருந்தும் வண்டி ஒருபுறம் இழுத்தால் பட்டறையில் கணினிக் கருவி கொண்டு மற்றக் கோணங்களையும் அளக்க வேண்டும்.