ஒரே சாயல், வேறு அடிப்புறம்: அமெரிக்கக் குடும்ப மோட்டார் படகின் வரலாறு

அமெரிக்கப் படகுக் கடைகளில் அருகருகே நிறுத்தி வைக்கப்படும் 18 அடி, 20 அடி நீளக் குடும்ப மோட்டார் படகுகள் நிறத்திலும் பெயரிலும் மட்டுமே வேறுபட்டவை போலத் தோன்றுகின்றன. ஆகவே வாங்க வரும் குடும்பம் பெரும்பாலும் இருக்கைகளின் தையலையும் விலைச்சீட்டையும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறது. ஆனால் இந்தச் சாயல் ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1958க்கும் 1961க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில், சி. ரேமண்ட் ஹன்ட் என்ற மாசசூசெட்ஸ் வடிவமைப்பாளரின் வரைபலகையிலிருந்து ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு அடிப்புறங்கள் சந்தைக்கு வந்தன. இன்றைய குடும்பப் படகுகளில் பெரும்பாலானவை அவற்றில் ஒன்றின் வழிவந்தவை அல்லது இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசங்கள்.

அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் இத்தகைய தெரிவுக்கே இடமிருக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக் ஊரில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித்தும் அவருடைய மகன்களும் 1922இல் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் கிறிஸ்-கிராஃப்ட் என்று பெயர்பெற்றது. அது செய்த மஹோகனிப் படகுகள் அழகுக்கும் வேகத்துக்கும் பேர்போனவை எனினும், ஆண்டுதோறும் சுரண்டி வார்னிஷ் பூசவும் பலகை மூட்டுகளை அடைக்கவும் ஆளும் பணமும் உள்ளவர்களுக்கே அவை ஏற்றவையாக இருந்தன. மற்றொரு புறம், நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பலகையில் வெளியிலிருந்து மாட்டிக் கழற்றத்தக்க இயந்திரம், ஒன்றரைக் குதிரைத்திறனும் ஏறத்தாழ 28 கிலோ எடையும் கொண்டது. துடுப்புப் படகு வைத்திருந்த எளிய குடும்பம் அந்தப் படகை மாற்றாமலேயே மோட்டார் படகுக்காரராக மாற அது வழிசெய்தது. செல்வர்க்கு மஹோகனி, மற்றவர்க்கு மோட்டார் மாட்டிய துடுப்புப் படகு என்ற இந்தப் பிரிவு இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை பெரிதும் மாறவில்லை.

போர்க்காலத்தில் வளர்ந்த கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் பிசினும் அந்தப் பிரிவைத் தகர்த்தன. ஓர் அச்சின்மேல் கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக விரித்துப் பிசின் தோய்த்து இறுகவைத்தால், மூட்டோ ஆணியோ இல்லாத முழு உடல் ஒன்று கிடைக்கிறது. அதே அச்சில் அடுத்த உடலையும் வார்த்தெடுக்கலாம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தை, குறிப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப் பின், ஃபைபர் படகு பிடித்துக்கொண்டதும் இதே செய்முறையால்தான். மரத்தில் செதுக்குவதற்குக் கடினமான வளைவுகளையும் வரிப்புகளையும் அச்சில் எளிதாகக் கொண்டுவர முடிந்ததால், அடிப்புறத்தின் வடிவம் முதன்முறையாக வடிவமைப்பாளரின் விருப்பத்துக்கு உரியதாயிற்று.

அவ்விருப்பத்தின் முதல் விளைவு பாஸ்டன் வேலர். தொழிலதிபர் ரிச்சர்ட் ஃபிஷர், கண்ணாடியிழையாலான இரண்டு தோல்களுக்கு நடுவே பாலியூரிதேன் நுரையைப் பெருகவிட்டு இறுகச் செய்தால் எடை குறைந்ததும் மூழ்காததுமான படகு கிடைக்கும் என்று கண்டார். வடிவத்துக்காக ஹன்ட்டை நாடினார். ஆல்பர்ட் ஹிக்மன் என்பவர் முன்பே உருவாக்கியிருந்த, அடிப்புறம் கவிழ்த்த வி போன்று உட்குழிந்த ஸீ ஸ்லெட் என்ற படகை முன்மாதிரியாகக் கொண்டு ஹன்ட் வரைந்தார். தொடக்க மாதிரியில் இருபுறமும் நீளவாக்கில் இரண்டு தண்டுகள் மட்டுமே இருந்தன. அவற்றின் இடையே புகுந்த காற்று பின்னால் சுழலும் புரொப்பெல்லரைச் சென்றடைந்து அதன் பிடிப்பைக் கெடுத்ததால், நடுவில் மூன்றாவது தண்டு ஒன்று சேர்க்கப்பட்டது. 1958இல் கடைக்கு வந்த இந்த 13 அடிப் படகின் முன்பகுதி, மீனவர் மொழியில் அணியம், ஏறத்தாழச் சதுரமாக இருந்தது. ஒரு விளிம்பில் பெரியவர் ஒருவர் ஏறி நின்றாலும் அது எளிதில் சாயாது.

1961இல் லைஃப் இதழ் வெளியிட்ட படங்கள் இப்படகைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றன. கோட்டும் டையும் அணிந்த ஃபிஷர் நீரில் மிதக்கும் படகில் அமர்ந்திருக்க, அதன் நடுவே மரமறுக்கும் வாளால் அறுத்து அதை இரண்டாக்கினார்கள். இரு துண்டுகளும் மிதந்தன, மோட்டார் இருந்த பின்பாதியை அவர் ஓட்டியும் காட்டினார். விளம்பரத்துக்காகச் செய்ததே எனினும், பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் படகு மூழ்கக்கூடாது என்ற எதிர்பார்ப்பைப் பொதுமக்கள் மனத்தில் ஊன்றியதில் அந்தப் படங்களுக்கு ஈடான வேறொன்று இல்லை.

இரண்டாவது அடிப்புறம் இதற்கு முற்றிலும் மாறானது. சாதாரண வேகப்படகுகள் அணியத்தில் கூர்மையாகத் தொடங்கிப் பின்பலகைக்கு வரும்போது தட்டையாகிவிடும். ஹன்ட் அந்தக் கூர்மையைக் கடைசிவரை தணியவிடாமல் கொண்டுசென்றார். படகின் முதுகெலும்பாகிய ஏராவிலிருந்து இருபக்கமும் அடிப்புறம் மேலேறும் சரிவைப் பின்பலகையில் பாகைக் கணக்கில் அளப்பது வழக்கம். ஆழ்ந்த வி எனப்படும் இவ்வடிவில் அது ஏறத்தாழ 24 பாகை. இத்தகைய படகு அலையின்மீது அறைந்து விழாமல் அதைக் கிழித்து இறங்குகிறது. நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரிப்புகள் தெறிக்கும் நீரைக் கீழ்நோக்கித் திருப்பிப் படகைத் தூக்கிக் கொடுக்கின்றன. 1958இல் நியூபோர்ட்டில் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டிகளின்போது, ஹன்ட்டின் சிறு துணைப்படகு கொந்தளிப்பான நீரில் வேகம் குறையாமல் ஓடியதைக் கண்ட ரிச்சர்ட் பெர்ட்ராம், அதே வடிவில் ஏறத்தாழ 30 அடி நீளப் படகொன்றைச் செய்யச் சொல்லி, அதற்குத் தம் மனைவியின் செல்லப்பெயரான மோப்பி என்பதைச் சூட்டினார்.

1960 ஏப்ரலில் நடந்த மயாமி-நசாவ் பந்தயத்தில் கடல் மிகவும் சீறியிருந்தது. மோப்பி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் நசாவை எட்டி வென்றது. அடுத்து இரண்டு மணி நேரம் கழித்து வந்த சிறிய படகும் ஹன்ட்டின் ஆழ்ந்த வி வடிவமே. எஞ்சியவற்றில் கரைசேர்ந்தவை மறுநாள்தான் வந்தன. பந்தய முடிவு ஒன்று ஒரு தொழிலின் போக்கையே ஒரே நாளில் திருப்பியதற்கு இதைவிடத் தெளிவான சான்று படகு வரலாற்றில் அரிது. மோப்பியையே அச்சுக்கு மூலமாக்கி வார்த்த கண்ணாடியிழைப் படகு, பெர்ட்ராம் 31 என்ற பெயரில் 1961 நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

காப்புரிமை விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே வடிவம் வெளிப்படையாகிவிட்டதால், ஹன்ட்டுக்கு ஆழ்ந்த வி மீது சட்ட உரிமை கிட்டவில்லை. அவருக்கு நேர்ந்த இந்த இழப்பே எல்லாப் பட்டறைகளுக்கும் திறந்த வாசலாயிற்று. இன்றைய படகுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்கு முதற்காரணமும் அதுவே. ஆனால் அப்படியே எடுத்தாண்டவர்கள் குறைவு. கூரிய அடிப்புறம் நிற்கும்போது பக்கவாட்டில் ஆடும்; நீரின்மேல் எழும்பி வழுக்கி ஓட அதிகத் திறனும், அதனால் அதிக எரிபொருளும் கேட்கும். ஏரியில் நங்கூரமிட்டுக் குழந்தைகளைக் குளிக்கவிடும் குடும்பத்துக்கு இவை இரண்டும் குறைகளே. ஆகவே பட்டறைகள் சரிவைக் குறைத்தன. குடும்பப் படகுகளில் அது பெரும்பாலும் இருபது பாகையை ஒட்டியோ அதற்குக் கீழோ அமைந்தது. அந்தச் சில பாகை வேறுபாடு கடைத்தளத்தில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை; காற்று எழுந்த பிற்பகலில் பயணிப்பவரின் முதுகெலும்பு அதை உணர்கிறது.

இயந்திரத்தின் இடமும் இதே ஆண்டுகளில்தான் மாறியது. மயாமி-நசாவ் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த படகை ஓட்டியவர், மெர்குரி நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய ஜிம் வின். இயந்திரத்தைப் படகுக்குள்ளும் திருப்பத்தக்க உந்துகாலைப் பின்பலகைக்கு வெளியிலும் அமைக்கும் ஸ்டெர்ன்டிரைவ் முறையை வோல்வோ பெண்டா நிறுவனம் 1959இல் அக்வாமாடிக் என்ற பெயரில் விற்கத் தொடங்கியதற்கு அவருடைய கருத்தே வித்து. கார் இயந்திரத்தின் வலிமையும் அகன்ற நீச்சல் மேடையும் இதனால் குடும்பப் படகுக்குக் கிடைத்தன. ஆனால் உந்துகால் எப்போதும் நீரிலேயே கிடப்பதால் உப்புநீரில் அரிமானமும், அதன் ரப்பர் உறை கிழிந்தால் படகுக்குள் நீர் புகும் அபாயமும் சேர்ந்தே வந்தன. அவுட்போர்டு மோட்டாரையோ முழுவதும் நீருக்கு மேலே தூக்கி நிறுத்திவிடலாம். 1996இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த புகை விதிகளுக்குப் பின் நான்கு வீச்சு அவுட்போர்டுகள் பெருகி, அவுட்போர்டுகளின் இரைச்சலும் புகையும் குறைந்தன. ஸ்டெர்ன்டிரைவின் பிடி தளர இதுவும் ஒரு காரணம்.

மூழ்காத படகு என்று ஃபிஷர் செய்துகாட்டியது பின்னர் சட்டத்திலும் ஓரளவு இடம்பெற்றது. 1971ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த விதிகளால், 20 அடிக்குக் குறைந்த படகுகளில் ஏற்றத்தக்க ஆட்களையும் எடையையும் பொறித்த தகடு கட்டாயமாயிற்று. 1978 ஆகஸ்டு முதல் கட்டப்படும் அந்நீளத்துக்குட்பட்ட அவுட்போர்டு படகுகள் நீர் நிறைந்தாலும் மட்டமாக மிதக்கவேண்டும். அதே நீளமுள்ள ஸ்டெர்ன்டிரைவ் படகுக்கோ, ஏதேனும் ஒரு பகுதி நீருக்கு மேல் தெரிந்தால் போதும். ஒரே அளவும் ஒரே தோற்றமும் உடைய இரு படகுகள், நீர் நிறையும் வேளையில் குடும்பத்துக்குத் தரும் பாதுகாப்பில் எவ்வளவு வேறுபடக்கூடும் என்பதற்கு இந்த விதியே போதிய சான்று. விற்பனையாளர்கள் இதைச் சொல்வது மிக அரிது என்பது வருந்தத்தக்கது.

கண்ணாடியிழைக்குள் மறைந்துகிடந்த மரம் பற்றியும் ஒரு சொல் வேண்டும். நெடுங்காலம் பின்பலகையும் தரைக்கடியிலுள்ள நெடுஞ்சட்டங்களும் ஒட்டுப்பலகையாலேயே செய்யப்பட்டு, மேலே பிசின் பூசி மூடப்பட்டன. திருகாணித் துளைகள் வழியே நீர் கசிந்து உள்ளே உளுத்துப்போன பழைய படகுகள் வெளியில் பளபளப்பாகவே நிற்கின்றன. பயன்படுத்திய படகுகள் இரண்டை ஒப்பிடும் குடும்பம் பின்பலகையைச் சுத்தியலின் பிடியால் தட்டிக் கேட்கட்டும். பின்னர் படகின் பின்னால் குனிந்து அடிப்புறத்தின் சரிவைப் பார்க்கட்டும். அமைதியான ஏரிக்குச் சரிவு குறைந்ததும், திறந்த கடல்முகத்துக்குச் சரிவு மிகுந்ததுமே ஏற்றவை. இருக்கைத் துணியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.