சனிக்கிழமைக் குழுவும் பத்து நிமிடப் பாடமும்

கல்லூரி மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை அறிமுகப்படுத்த நம் ஊரில் இரண்டு வழிகள் வேர்பிடித்திருக்கின்றன. ஒன்றில் ஆள் வந்து கற்றுக்கொடுப்பார். மற்றதில் பதிவுசெய்த பாடமே ஆசிரியர். 1998 முதல் இயங்கிவரும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவான ஐ.எல்.யு.ஜி.சி. முதல் வகை. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஸ்போக்கன் டுடோரியல் இரண்டாம் வகை. இரண்டையும் வடசென்னைக் கல்மண்டபத்தில் இருந்துகொண்டு பார்க்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக்கல்லூரி ஆகியவைதான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போகும் இடங்கள். அவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள்.

இவர்களுக்கு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் அந்நியப் பொருளாக இருந்திருக்கக் கூடாது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸை உருவாக்கியது சென்னையிலுள்ள அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்தான். கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும்; பெரும்பாலோர் விண்டோஸைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பொருள் வீடு வரை வந்தது, சொல்லித்தர ஆள் வரவில்லை. பயிலரங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

பயனர் குழு நடத்தும் பயிலரங்கின் உயிர் தன்னார்வலரிடம் இருக்கிறது. பென்டிரைவில் லினக்ஸோடு வருவார். மாணவரின் லேப்டாப்பிலேயே பார்டிஷன் பிரித்து நிறுவுவார். ஏதோ ஒரு கணினியில் வைஃபை வேலை செய்யாது. அவருக்கும் உடனே காரணம் தெரியாது. பிழைச் செய்தியை நிதானமாகப் படிப்பார், அதை அப்படியே எடுத்துத் தேடுவார், குழுவில் இன்னொருவரைக் கேட்பார். விஷயம் தெரிந்தவர் தடுமாறுவதையும், வெட்கப்படாமல் கேட்டு மீள்வதையும் மாணவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அன்றைய நாளின் மிக மதிப்புள்ள பாடம் அதுதான் என்று நம்புகிறேன். கட்டற்ற மென்பொருள் வளர்ந்ததே அப்படித்தான்: ஒருவர் கேட்பார், முன்பின் தெரியாத ஒருவர் பதில் சொல்வார், அந்தப் பதில் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

ஆனால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் லேப்பில் இரண்டு தன்னார்வலர்கள் என்ன செய்ய முடியும்? கை தூக்குபவருக்குத்தான் உதவி கிடைக்கும். கடைசி வரிசையில் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய் திறக்காதவர் அப்படியே விடுபட்டுப் போவார். பிறகு, மாதக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று அழைப்பார்கள். அது பல ஆண்டுகளாகச் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், இரண்டாம் சனிக்கிழமை பிற்பகலில் நடந்துவந்தது. சனிக்கிழமை கடையில் வேலைக்கு நிற்கும் மாணவருக்கு அது எட்டாத நேரம்.

விடுபட்ட அந்தக் கடைசி வரிசை மாணவரை ஸ்போக்கன் டுடோரியல் பிடித்துக்கொள்கிறது. சுமார் பத்து நிமிடக் காணொளி, காதில் ஹெட்போன். திரையின் ஒரு பாதியில் பாடம், மறுபாதியில் மென்பொருள். பார்த்ததை உடனே செய்ய வேண்டும், புரியாவிட்டால் பின்னுக்கு நகர்த்தி மறுபடி கேட்கலாம். எத்தனை தடவை கேட்டாலும் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. இணையம் இல்லாத லேப்பிலும் ஓடும். பேச்சு தமிழில், திரை ஆங்கிலத்தில். நாளை வேலையில் பார்க்கப்போவது ஆங்கில மெனு என்பதால் இந்த ஏற்பாடு சரியே. வல்லுநர் தேவையில்லை, லேப்பைத் திறந்துவிடும் ஆசிரியர் ஒருவர் போதும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாடம் பதிவான பதிப்பு ஒன்று, லேப்பில் இருப்பது இன்னொன்று என்றால் மெனு இடம் மாறியிருக்கும். அங்கே காணொளி பதில் சொல்லாது. கடைசியில் தேர்வு, சான்றிதழ். அதோடு கதை முடிந்துவிடுகிறது. லிப்ரே ஆபீஸையோ பைத்தானையோ ஓட்டக் கற்ற மாணவர், அதை எழுதியவர்களிடம் தானும் பேசலாம், பிழையைச் சுட்டலாம், மெனுவைத் தமிழாக்கலாம் என்பதை அறியாமலே வெளியேறுகிறார்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், நம் பகுதிக்கு முதலில் பதிவுப் பாடம், பிறகு ஆள் என்பேன். வரிசை மாறினால் ஆள் வந்த நாள் முழுவதும் நிறுவுவதிலேயே கரைந்துவிடும். விசைப்பலகைப் பயம் போன மாணவரிடம் தன்னார்வலர் வந்து சேர்ந்தால் நேரே வேலையில் இறங்கலாம். வேலைக்குப் பஞ்சமில்லை. 2015 சென்னை வெள்ளத்தில், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தின்மேல் தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே குறித்தார்கள். கல்மண்டபத்துச் சந்துகளையும் குடிநீர்க் குழாய்களையும் அந்த வரைபடத்தில் சேர்க்க, இங்கே வாழ்பவரைவிடத் தகுதியானவர் யார்? எழுத விருப்பமுள்ளவருக்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவரும் கணியம் இதழ் இருக்கிறது.

2021 பிப்ரவரியிலிருந்து ஐ.ஐ.டி. இருக்கும் கிண்டிப் பக்கமிருந்து மெட்ரோ நேரே தியாகராயா கல்லூரி நிலையத்துக்கு வருகிறது. மாணவர்களைத் தெற்கே அழைப்பதைவிட இரண்டு தன்னார்வலர்கள் அந்த ரயிலில் வடக்கே வரலாம். எந்தப் பாடத்தில் யார் சிக்கினார்கள் என்ற பட்டியலைக் கல்லூரி ஆசிரியர் முன்கூட்டியே அனுப்பிவைத்தால், அரை நாளே போதும்.