கிராண்ட் ஜூரி

‘கிராண்ட் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது’ என்று அமெரிக்கச் செய்தியில் படித்தால் எனக்குச் சுருக்கென்கிறது. அது தீர்ப்புச் சொல்லும் அவையே அல்ல. வழக்குத் தொடுக்கச் சான்று போதுமா என்று மட்டும் பார்ப்பது. அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் தரும் காப்பு அது. ‘கிராண்ட்’ இங்கே மேன்மை அல்ல, பிரெஞ்சில் ‘பெரிய’, அவ்வளவுதான்: கூட்டாட்சி நீதிமன்றத்தில் 16 முதல் 23 பேர். குற்றமா இல்லையா என்பதை அங்கே 12 பேர் கொண்ட சிறிய ஜூரிதான் சொல்லும், அதுவும் ஒருமனதாக. லத்தீனில் ‘ஜூராரே’ என்றால் சத்தியம் செய்தல். அதில் கிளைத்தது ஜூரி. அதற்குத் தமிழ்ச் சொல் தேடினால், நம் ‘நடுவர்’ என்ற சொல்லைக் கிரிக்கெட்டும் பட்டிமன்றமும் எடுத்துக்கொண்டுவிட்டன. மதுரைக்காஞ்சியின் ‘அறங்கூறவையம்’ அழகுதான். ஆனால் அது சான்றோர் அவை, ஜூரியில் பேருந்து ஓட்டுநரும் உட்காரலாம். கிராண்ட் ஜூரியை ‘வழக்கேற்புக் குழு’ என்றால் வேலையாவது விளங்கும்.