தேய்ந்த எஞ்சினுக்கு மறுபிறவி

கட்டை வண்டியின் சக்கரத்தில் இரும்புப் பட்டை தேய்ந்துவிட்டால் யாரும் வண்டியை விறகாக்குவதில்லை. கொல்லர் புதுப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுகிறார். பட்டை சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. தேய்வதற்கு ஒரு பகுதி, நிலைப்பதற்கு ஒரு பகுதி என்று பிரித்து வைத்த இந்தப் பழைய அறிவு டிராக்டர் எஞ்சினுக்குள் புகுந்த வரலாறு சுவையானது.

1917-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ஃபோர்ட்சன் டிராக்டரை வெளியிட்டார். அதற்கு முந்திய டிராக்டர்கள் பலவற்றில், கனமான இரும்புச் சட்டத்தின் மேல் எஞ்சின் அமர்ந்திருக்கும். ஃபோர்ட்சனில் அந்தச் சட்டமே இல்லை. எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்புக் கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். அவையே வண்டியின் முதுகெலும்பு ஆயின. எடை குறைந்தது; விலையும் குறைந்தது. ஆனால், எஞ்சினைக் கழற்ற வேண்டுமானால் டிராக்டரையே இரண்டாகப் பிளக்க வேண்டும். முன் சக்கரங்கள் ஒரு பக்கம், பின் சக்கரங்கள் மறு பக்கம். இரண்டுக்கும் தனித்தனியே முட்டுக் கொடுக்க வேண்டும்.

எஞ்சின் ஏன் தேய்கிறது? சிலிண்டருக்குள் பிஸ்டன் வேகமாக ஓடும்போது வளையங்களுக்கும் சுவருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் நிற்கிறது. உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அங்கே வேகம் சுழி. வாயுவின் அழுத்தமும் வெப்பமுமோ மிக அதிகம். எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உராய்கிறது. ஆகவே சிலிண்டர் மேற்புறத்தில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்கிறது. மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடிய டிராக்டர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆவியாகாத எரிபொருள் சுவர் வழியே வழிந்து, கீழே உள்ள எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது பழைய முறை. ஆனால் ஒவ்வொரு முறையும் சுவர் மெலிகிறது. சில முறைகளுக்குப் பிறகு எஞ்சின் கூடே பயனற்றதாகிவிடும்.

இங்கேதான் ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர் நம் கவனத்தைக் கவர்கிறது. ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த இந்தச் சிறு டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. எட்மண்ட் ஹில்லரி 1958 ஜனவரி 4-ல் தென் துருவத்தை அடைந்தது இவ்வகை டிராக்டர்களில்தான்.

தொடக்கத்தில் இதற்கு அமெரிக்கக் கான்டினென்டல் எஞ்சின் வந்தது. பின்னர் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சொந்த எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் கூட்டோடு சேர்த்து வார்க்கப்படவில்லை. லைனர் எனப்படும் நான்கு தனிக் குழாய்கள் கூட்டுக்குள் இறக்கப்பட்டிருந்தன. குளிர்விக்கும் நீர் அவற்றை நேரே தொட்டு ஓடியது. தேய்ந்தால் ஹெட்டைத் திறந்து, பழைய குழாயை உருவிவிட்டுப் புதியதை இறக்கலாம். கடைசல் எந்திரம் வேண்டாம்; பெரும்பாலும் டிராக்டரைப் பிளக்கவும் வேண்டாம்.

இதிலும் நுட்பம் உண்டு. லைனரின் மேல் விளிம்பு கூட்டின் முகத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு உயர்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட்டை முடுக்கும்போது லைனர் கீழே உள்ள கேஸ்கெட்டின் மேல் அழுந்தும். அந்த உயரம் குறைந்தால் நீர் கசிந்து எண்ணெயில் கலக்கும்; பேரிங்குகள் கெடும்.

லைனரை மாற்றினால் எஞ்சினின் கொள்ளளவும் மாறும். பிஸ்டனின் ஓட்டம் 92 மி.மீ. குழாயின் உள்விட்டம் 80 மி.மீ. ஆனால் நான்கு சிலிண்டர்களின் கொள்ளளவு 1,850 க.செ.மீ.; 85 மி.மீ. ஆனால் 2,088 க.செ.மீ. டிராக்டரில் இந்த இரு அளவுகளும் வந்தன. இதே எஞ்சின் குடும்பம் 83 மி.மீ. குழாயுடன் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காருக்கும் உயிர் கொடுத்தது. மாணவர்கள் அதன் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 லிட்டருக்குச் சற்றே குறைவாக வரும்.

புதுப்பிப்பதற்குப் பதிலாக எஞ்சினையே மாற்றியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் 1932-ல் தொடங்கிய பெர்கின்ஸ் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் இதற்குப் பேர்போனவை. 1948 முதல் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரை அதன் 6 சிலிண்டர் எஞ்சினுடனும் வாங்க முடிந்தது. டீசல் செலவு குறைந்தது; இழுவிசை மிகுந்தது. ஆனால் டீசல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்தி, 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் சூடேற்ற வேண்டும். அதனால் பாகங்கள் கனத்தன. அதைச் சுழற்றிக் கிளப்பவும் வலிய மோட்டார் தேவைப்பட்டது.

நமக்கும் இந்த வரலாற்றில் தொடர்பு உண்டு. ஃபெர்குசன் நிறுவனம் 1953-ல் மாசி-ஹாரிஸுடன் இணைந்தது. அந்த இணைப்பில் பிறந்த மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்ய 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது.

இன்று இங்கிலாந்தில் பழைய டிராக்டரைப் பேணுவோர் முன் ஒரு கேள்வி நிற்கிறது. டீசலை மாட்டி நன்றாக உழ வைப்பதா, முதலில் இருந்த எஞ்சினையே புதுப்பிப்பதா? எஞ்சினை மாற்றினால் வண்டி ஓடும். ஆனால் அதன் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துபோகும். லைனர் வைத்த எஞ்சினில் இந்தச் சங்கடம் குறைவு. தேய்ந்ததை மட்டும் மாற்றி, மற்றதைக் காக்கலாம். அந்த வசதி தற்செயலாக வந்ததன்று. எது தேயும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதைக் கழற்றும்படி அமைத்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற கொடை அது. கட்டை வண்டிக்குப் பட்டை கட்டிய கொல்லருக்கு இது புதிய செய்தியாக இராது.