ரப்பர் காட்டில் டயர் இல்லாத மூன்றரை வருடம்

எருத்தேன்பதி என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். வீட்டில் பேச்சு தமிழ், ஆபீசில் காகிதம் மலையாளம். எங்கள் பக்கம் எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். சைக்கிள் டயர் கிழிந்தால் பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே கொடுத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவார்கள். அதுவும் போனால் டயர் பையன்கள் உருட்ட, டியூப் சாமான் கட்ட. கடல் தாண்டி வந்தும் இந்தப் புத்தி எனக்குப் போகவில்லை. ஆடுகிற நாற்காலிக்கு அட்டை, அறுந்த வயருக்கு டேப் என்று வண்டி ஓடுகிறது. காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால் ரிப்பேர் செலவு கம்மி, தேய்மானம் ஜாஸ்தி :)

ஆனால் நாம் செய்வது சிக்கனம். மனசு வைத்தால் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிவிடலாம். வாங்க முடியாத நிலைமையில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட தமிழர்கள் என்ன செய்தார்கள்? இதற்கு ஜப்பான்காரன் காலத்து மலாயாவைப் பார்க்க வேண்டும்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. எழுபதே நாள். அந்தப் படையில் ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிளில் வந்தார்கள். டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே தார்ச் சாலையில் ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தக் கடகட சத்தம் கேட்டு எதிரிகள் டாங்கி வருகிறது என்று பயந்ததாக ஜப்பானியத் தரப்பு நினைவுக் குறிப்பிலேயே உண்டு.

ஜெயித்தவன் ரிம்மில் ஓட்டினான். மாட்டிக்கொண்ட ஜனங்களும் அதற்கப்புறம் ரிம்மில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இதில்தான் வேடிக்கை. உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாடு மலாயா. அது ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்கா அலறிக்கொண்டு செயற்கை ரப்பர் தொழிற்சாலைகளைக் கட்டியது. அப்பேர்ப்பட்ட நாட்டில் சைக்கிளுக்கு டயர் இல்லை!

காரணம் எளிது. தோட்டத்தில் நம் ஆட்கள் மரம் வெட்டிப் பால் எடுப்பார்கள். அதை ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் தேய்த்து, புகை போட்டுத் தகடாக்கிக் கப்பலேற்றுவார்கள். தோட்டத்தின் வேலை அத்தோடு சரி. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடு கொடுத்தால்தான் உறுதிப்படும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தது இதைத்தான். டயருக்கு அதோடு கரிப்பொடி வேண்டும், உள்ளே நெசவுத் துணி வேண்டும், அச்சு வேண்டும். அதெல்லாம் பெரும்பாலும் அக்கரையில் இருந்தது. கச்சாப் பொருளை மட்டும் விற்கும் நாட்டின் கதி இதுதான்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயையும் கெட்டி ரப்பர்ப் பட்டையையும் ரிம்மில் சுற்றிக் கட்டினார்கள். காற்றே இல்லாத டயர், ஆகவே பஞ்சரும் இல்லை. முதுகுதான் பஞ்சர்! பெட்ரோல் இல்லாத லாரிகள் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடின. அன்னாசி நாரில் கயிறு திரித்தார்கள், லாலாங் புல்லிலும் மூங்கிலிலும் காகிதம் செய்தார்கள். பர்மா, சயாம் அரிசி வருவது குறைந்ததும் எங்கே பார்த்தாலும் மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். துணி கிடைக்காத தோட்டங்களில் சாக்குப் பையைக் கிழித்து உடுத்தினார்கள்.

பாங்கில் இருப்பவன் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியுமா? ஜப்பான் அடித்த பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருக்கும், அதனால் அதற்கு வாழைமர நோட்டு என்று பெயர். ஆரம்பத்தில் பழைய டாலருக்குச் சமம் என்றார்கள். பிறகு இஷ்டத்துக்கு அச்சடித்தார்கள். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்து அது செல்லாது என்றதும் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்கள் கையில் வெறும் காகிதம். போருக்கு முந்தின கடனை இந்த நோட்டில் அடைத்தது செல்லுமா என்ற வழக்குகளைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டமே போட்டார்கள். கணக்குப் புத்தகத்துக்குப் போட்ட ஒட்டு அது.

இதுவரை படித்தவர்களுக்கு "நம்ம ஜனங்க கெட்டிக்காரங்க, எப்படியும் சமாளிப்பாங்க" என்று தோன்றும். எனக்கும் அப்படி முடிக்க ஆசைதான். ஆனால் சயாம் மரண ரயில் குறுக்கே நிற்கிறது.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். அவர்களுடைய முகாம்களில் டாக்டர்கள் இருந்தார்கள், மருந்துதான் இல்லை. காலரா வந்தபோது தண்ணீரைக் காய்ச்சி வடித்து, உப்பு சேர்த்து, ஸ்டெதாஸ்கோப் ரப்பர் குழாயையும் மூங்கில் குச்சியையும் வைத்து நரம்பில் ஏற்றினார்கள். மார்க்கோவிட்ஸ் என்ற டாக்டர் ரத்தத்தைக் கடைந்து, உறையும் நாரை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு ஏற்றினார். ஆஸ்திரேலிய டாக்டர் டன்லப்பின் பட்டப்பெயர் 'வியரி', அதாவது களைத்தவர். டன்லப் என்றால் டயர், டயர் என்றால் 'டயர்ட்' என்று கல்லூரியில் வைத்த பெயர். நம் கதை சுற்றிச் சுற்றி டயரிலேயே வந்து நிற்கிறது பாருங்கள்.

இவ்வளவு செய்தும் அந்தக் கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார். பக்கத்து முகாம்களில் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அதே காடு, அதே மழை, அதே காலரா. மூங்கில் அவர்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை ஊசியாக்கத் தெரிந்த ஆள் இல்லை, முகாமைச் சுத்தமாக வைக்க நிர்வாகம் இல்லை, குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. 1943இல் போர்க்கைதி மருத்துவக் குழுக்கள் இரண்டை அனுப்பினார்கள். அந்தச் சாவுக்கு முன்னால் அது எம்மாத்திரம். இறந்த ஆசியர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான். கைதிகளுக்குப் பெயர் எழுதின கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடச் சரியாக இல்லை.

ஒட்டுப்போட்டுப் பிழைப்பதைப் பெருமையாகப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கக் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது. கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் கட்டுப்பாடு, பெயரைக் குறித்து வைக்க ஒருவர், இத்தனையும் வேண்டும். ரப்பர்ப் பட்டை சைக்கிளை ஓட்டும், ஜனங்களைக் காப்பாற்றாது.

உங்கள் குடும்பத்தில் யாராவது மலாயாவுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் பெயர், ஊர், போன வருஷம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். இந்தப் பேரேட்டில் விட்டுப்போன வரிகளை இனி நாம்தான் பதிய வேண்டும்.