யாழ்ப்பாண வீதியும் வவுனியா வீதியும்: இரண்டு வளாகங்களின் கதை

மன்னார் மாவட்டத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. உயர்தரப் பரீட்சையில் தேறும் எமது பிள்ளைகளில் பலர் இரண்டு வீதிகளில் ஒன்றைப் பிடிக்கின்றனர். ஒன்று விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், பூநகரி வழியாகச் சென்று சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் செல்வது. மற்றது முருங்கன், பறயனாளங்குளம் வழியாக வவுனியா செல்வது. இரண்டு வீதிகளின் முடிவிலும் இன்று ஒவ்வொரு பல்கலைக்கழகம் உண்டு. எத்தனை பீடங்கள், எத்தனை துறைகள், எந்த ஆண்டு யார் திறந்து வைத்தார் என்பதெல்லாம் அவற்றின் ஆண்டு மலர்களில் கிடைக்கும். அந்தக் கட்டடங்களும் காணிகளும் வேறு எதற்கெல்லாம் பயன்பட்டன என்பதே நான் இங்கு எழுத விரும்புவது.

முதலில் திருநெல்வேலி. யாழ். பல்கலைக்கழகத்தின் மையக் காணி பல்கலைக்கழகத்துக்காக எடுக்கப்பட்டதன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டு அங்கே பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். பெண்களுக்காக மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு கல்லூரி கண்டவர், ஆண்களுக்காக அமைத்தது இது. மிஷன் பாடசாலைகள் கோலோச்சிய குடாநாட்டில் சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி என்பதே அவருடைய எண்ணம். வளாகத்தினுள் பரமேஸ்வரன் ஆலயம் இருப்பதன் காரணமும் இதுவே. புதிதாக வரும் கத்தோலிக்க மாணவர்கள், மன்னாரிலிருந்து செல்வோரில் பெரும்பாலானோர் அவர்களே, பல்கலைக்கழகத்துக்குள் கோயிலா என்று வியப்பதுண்டு. உண்மையில் கோயிலுள்ள காணிக்குள்தான் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது.

53 ஆண்டுகள் கல்லூரியாக விளங்கிய அந்த இடம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாயிற்று. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா வந்து திறந்து வைத்தார். அந்நாளில் எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. தமிழரசுக் கட்சி கேட்டுவந்தது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகத்தை. அதைத் தராமல் தட்டிக்கழிக்கவே யாழ்ப்பாணத்தில் வளாகம் தருகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்ததா இல்லையா என்பது வேறு. கிழக்கின் காணியும் வடக்கின் காணியும் அன்று ஒரே விவாதத்தின் இரு முனைகளாக இருந்தன என்பதை மறந்துவிட்டு இந்த வளாகத்தின் பிறப்பை எழுத முடியாது.

முதல் தலைவராக வந்த பேராசிரியர் க. கைலாசபதிக்கு அப்போது வயது 41. அவர் பெயரால் இன்று ஒரு கலையரங்கம் நிற்கிறது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். நாட்டுக்கூத்தை ஊர்க் களரியிலிருந்து பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்தவர் அவர். கூத்து வளர்த்த மன்னார் மண்ணைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை.

1987க்கு வருவோம். இந்திய அமைதிப்படை ஜூலை இறுதியில் வந்திறங்கியது. ஒக்டோபரில் புலிகளுடன் போர் மூண்டது. ஒக்டோபர் 11ஆம் திகதி நள்ளிரவு கடந்து, புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்குடன் இந்தியப் படையினர் ஹெலிகொப்டர்களில் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கப்பட்டனர். திட்டம் முன்னரே தெரிந்திருந்த புலிகள் காத்திருந்தார்கள். சீக்கியக் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த 30 பேரில் 29 பேர் அங்கேயே மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். இந்திய இராணுவ வரலாற்று நூல்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ற பெயர் ஒரு கல்விக்கூடத்தின் பெயராக வருவதில்லை, ஒரு சமரின் பெயராகவே வருகிறது. தொடர்ந்த போரில் வளாகமும் இராணுவத்தின் கைக்குப் போயிற்று.

நான் கலைப்பீட மாணவனாக இருந்த 1990களின் முற்பகுதியில், மூத்த மாணவர்கள் எங்களுக்கு விரிவுரை மண்டபங்களைக் காட்டுவதற்கு முன்னர் இந்த இரவைத்தான் காட்டினார்கள். எந்தப் பக்கத்திலிருந்து சூடு வந்தது, எந்த மதில் ஓரம் யார் கிடந்தார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். பஞ்சாபிலிருந்து வந்து எமது விளையாட்டு மைதானத்தில் இறந்த இளைஞர்களும் எங்கள் வயதினரே என்பதை அவர்களில் ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

போருக்குப் பின் பல்கலைக்கழகத்தை மீண்டும் இயங்க வைக்கப் பாடுபட்டவர்களில் மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகமவும் ஒருவர். 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர் நால்வரில் ஒருவரான அவர், 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி மருத்துவபீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே அதைச் செய்தனர் என்று அவருடைய சக ஆசிரியர்கள் எழுதினார்கள். வளாகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1987ஐ நீட்டியும் 1989ஐச் சுருக்கியும் எழுதுவது எனக்கு உடன்பாடானதன்று.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே எழுந்து நடந்தபோது பல்கலைக்கழகமும் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பியது. 2001 ஜனவரி 17ஆம் திகதி அதே வளாகத்தில் முதலாவது பொங்கு தமிழ் நிகழ்ந்தது. பின்னர் வளாகத்தினுள் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி எழுப்பப்பட்டது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவோடிரவாக அது இடித்துத் தள்ளப்பட்டது. அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்பது கூறப்பட்ட காரணம். மாணவர்கள் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாளே அடிக்கல் மீண்டும் நாட்டப்பட்டது. ஏப்ரல் 23ஆம் திகதி புதிய தூபி திறக்கப்பட்டது.

வவுனியா வீதியின் கதை குறுகியது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. நகரத்துக் கட்டடங்கள் போதாமல், மன்னார் வீதியில் பம்பைமடுவில் காணி பெற்று அங்கே கட்டடங்கள் எழுந்தன. மன்னார் பஸ்ஸில் வவுனியா போகும் எவரும் அவற்றைப் பார்க்காமல் போக முடியாது.

2009 மே மாதம் போர் முடிந்ததும், மாணவர்களுக்கென அங்கே கட்டப்பட்ட விடுதிகள் முன்னாள் பெண் போராளிகளைத் தடுத்து வைக்கும் இடமாக மாறின. 'புனர்வாழ்வு நிலையம்' என்பது அரசாங்கம் வைத்த பெயர். நீதிமன்றம் எதுவும் தண்டனை விதித்து அவர்கள் அங்கே வரவில்லை. இதே வீதியில் மேலும் மேற்கே, செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கான மக்கள் முட்கம்பிக்குள் இருந்த காலம் அது. அம்முகாம்களைப் பற்றி உலகம் எழுதியது. 2012 செப்ரெம்பரில் அவை மூடப்பட்டது வரை செய்தி வந்தது. விடுதிக்குள் இருந்த பெண்களைப் பற்றி வந்தவை சில பத்திகளே. பின்னர் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள், அறைகள் வெள்ளையடிக்கப்பட்டன, மாணவிகள் குடிவந்தார்கள்.

திருநெல்வேலியில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டியதைக் கல்லில் எழுதவாவது முயன்றது. பம்பைமடுவில் அதுவும் நடக்கவில்லை. கல் நாட்டச் சொல்லி நான் கேட்கவில்லை; நாட்டினால் அதையும் ஒருநாள் இடிப்பார்கள். ஆனால் அந்த அறைகளில் இருந்த பெண்கள் இன்று முப்பதுகளின் இறுதியிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர் அதே விடுதியில் அறை பெறும் காலம் வந்துவிட்டது. விரும்புகிறவர்களிடம், பெயர் வெளியிடாமல், அந்த மாதங்களைக் கேட்டு எழுதி வைக்க ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் நம்பத்தக்க இரண்டு மாணவிகளும் போதும்.