இழப்பும் கானக முகாமும்: பரம்பிக்குளம், இடுக்கி மலைகளில் சாலிம் அலி

உற்றவரையோ தொழிலையோ ஊரையோ இழந்தவர்கள் காட்டிலும் மலையிலும் முகாமிட்டு, நடந்து, கூர்ந்து கவனித்து, அதன் வழியே ஆறுதலையும் வாழ்வதற்கு ஒரு நோக்கத்தையும் அடைவது உலகின் பல பகுதிகளில் காணப்படும் அனுபவம். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையை ஒட்டிய மலைகளுக்கு இதில் தனி இடம் உண்டு. இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலி (1896–1987) 1933இல் தம் மனைவி தெஹ்மினாவுடன் இங்கே முகாமிட்டார். 1939இல் தெஹ்மினா மறைந்தபின் அவர் 48 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதி களப்பணியிலும் நூல் எழுதுவதிலும் கழிந்தது. காடு ஒருவரைத் தேற்றுவது எப்படி என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை தெளிவான விடை ஒன்றைத் தருகிறது: காட்டின் அமைதி மட்டும் தேற்றுவதில்லை, அங்கே செய்து முடிக்க வேண்டிய வேலையும் சேர்ந்தே தேற்றுகிறது.

இடம்

இம்மலைகளுக்கு வடக்கே உள்ள கோவிந்தாபுரம், பாலக்காடு மாவட்டத்தின் முதலமடைப் பகுதியில், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் உள்ள எல்லையூர். இங்கே தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. சுற்றிலும் மாந்தோப்புகள்; தெற்கே நெல்லியாம்பதி, ஆனைமலைத் தொடர்கள். பரம்பிக்குளம் காடு முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததுதான். ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக ஆனைப்பாடி நுழைவாயிலை அடைய வேண்டும்.

பரம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்பகுதியும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து அதன் பரப்பு 643.66 சதுர கிலோமீட்டர். காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் இக்காட்டில் வாழ்கின்றனர். ஆனைமலைத் தொடர் தெற்கே இடுக்கி மாவட்டத்தின் மறையூர், மூணாறு மலைகளோடு இணைகிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டாகப் பிரிக்கிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைப் பறவைகள் சிலவற்றுக்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழும் நெருங்கிய உறவினங்கள் வேறு. பறவைகளைத் தேடி வருபவர்களை இந்தப் பகுதி ஈர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் இழப்புகள்

சாலிம் அலி 1896 நவம்பர் 12 அன்று மும்பையில், ஒன்பது குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டுக்குருவி ஒன்றை இனம் காண, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டிடம் போனார். அந்தச் சந்திப்பே அவரைப் பறவைகளின் பக்கம் திருப்பியது. 1918இல் தெஹ்மினாவை மணந்தார்.

மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகப் பணியாற்றிய பின், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசெமனிடம் பறவையியல் பயின்றார். 1930இல் திரும்பி வந்தபோது பணமில்லை என்று அந்தப் பதவியையே நீக்கியிருந்தார்கள். வேறு வேலை கிடைக்கவில்லை. கணவனும் மனைவியும் மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்து அவர் எழுதிய ஆய்வு அவருக்குப் பெயர் தேடித் தந்தது. சில காலம் கோத்தகிரியிலும் தங்கினார். சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க ஊதியமே வேண்டாம், செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று அவர் முன்வந்தது இந்த வேலையற்ற காலத்தில்தான். அவருடைய களவாழ்வு ஓர் இழப்பிலிருந்து தொடங்கியது.

1933ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு

ஹைதராபாத் சமஸ்தானக் கணக்கெடுப்புக்குப் பின், 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்பு நடந்தது. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் மறையூர், மூணாறு, சாந்தன்பாறை, குமுளி, பீர்மேடு ஆகிய இடங்களிலும், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டிலும், கொச்சி சமஸ்தானத்தின் நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் காடுகளிலும் முகாம்கள் அமைந்தன. மழை மறைவில் கிடக்கும் மறையூரின் சந்தனக் காடு, மூணாற்றுச் சோலைகள், தட்டேக்காட்டின் தாழ்நிலக் காடு என நிலத்தின் எல்லா வகைகளும் அந்த வரிசையில் அடங்கின.

பரம்பிக்குளம் பகுதியில் அவர் தங்கிய இடம் குரியார்குட்டி. அன்று பரம்பிக்குளம் அணைகள் கட்டப்படவில்லை. சாலக்குடியிலிருந்து காட்டுக்குள் தேக்கும் பிற மரங்களும் ஏற்றி வரக் கொச்சி அரசு இருப்புப்பாதை ஒன்று அமைத்திருந்தது. கொச்சி வன டிராம்வே எனப்பட்ட அந்தப் பாதையில் குரியார்குட்டியும் ஒரு நிலையம். 1963இல் பாதை மூடப்பட்டது. குரியார்குட்டியில் இன்று சாலிம் அலியின் நினைவு போற்றப்படுகிறது.

அக்கால முகாமின் வேலை எளிதானதல்ல. விடியுமுன் காட்டுக்குள் போக வேண்டும். அன்றைய அறிவியல் முறைப்படி பறவைகளைச் சுட்டுச் சேகரித்து, கெடுவதற்குள் தோலுரித்துப் பதப்படுத்த வேண்டும். இடம், உயரம், உணவு, குரல், கூடு ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். ஆட்கள், அரிசி, விளக்குக்கு எண்ணெய், சுமைகள் என்று நிர்வாகம் வேறு. இங்கிலாந்தில் படித்து நகர வாழ்வில் வளர்ந்தவர் தெஹ்மினா. கணக்கெடுப்புகள் பெரும்பாலானவற்றில் அவர் கணவருடன் சென்று காட்டு வாழ்வில் பங்கு கொண்டார். பறவையியல் வரலாறு அவரைச் சாலிம் அலியின் துணைவியாகவே குறிப்பிடுகிறது. அந்தக் கணக்கெடுப்புகளின் உழைப்பில் அவருக்கும் உரிய பங்கு உண்டென்று சொல்லியாக வேண்டும்.

கணக்கெடுப்பின் முடிவுகள் பறவையியலாளர் ஹியூ விஸ்லரின் குறிப்புகளோடு 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக வந்தன.

1939க்குப் பின்

1939இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா மறைந்தார். சாலிம் அலி நொறுங்கிப் போனார். சகோதரி கமூவும் மைத்துனர் ஹசன் அலியும் மும்பையில் தங்கள் வீட்டில் அவருக்கு இடம் கொடுத்தனர். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அடுத்த ஆண்டுகளின் பட்டியல் நீளமானது. 1939–40இல் மைசூர் சமஸ்தானக் கணக்கெடுப்பு. 1941இல், பின்னர் பல பதிப்புகள் கண்ட இந்தியப் பறவைகள் கையேடு. 1945இல் கட்ச் பறவைகள் பற்றிய நூல். அதே ஆண்டு கயிலாயத்துக்கும் மானசரோவருக்கும் பயணம். அந்தப் பயணக் கட்டுரையின் தலைப்பில் அதை அவர் பறவையியல் யாத்திரை என்றே குறிப்பிட்டார். 1940களில் குஜராத் கணக்கெடுப்பு. 1953இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய நூல். 1969இல் அது கேரளப் பறவைகள் என்ற பெயரில் திருந்திய பதிப்பாக வந்தது. 1968 முதல் 1974 வரை பறவையியலாளர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய 10 தொகுதிக் கையேடு. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண்.

இந்தப் பட்டியலில் 1953ஆம் ஆண்டு நூல் தனித்து நிற்கிறது. அதன் அடித்தளம் 1933இல் இருவரும் சேர்ந்து தங்கிய முகாம்களில் திரட்டிய செய்திகள். தெஹ்மினா இருந்தபோது தொடங்கிய வேலையை அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்துச் சாலிம் அலி நூலாக்கினார். இறந்தவரை மறப்பதுதான் தேறுதல் என்று எண்ணுபவர்களுக்கு இந்த நூல் ஒரு மறுப்பு.

லோக் வான் தோ

சாலிம் அலியின் களப்பயணங்களில் இன்னோர் இழப்பும் கலந்திருக்கிறது. மலேயாவில் 1915இல் பிறந்த லோக் வான் தோ சிங்கப்பூரின் பெரும் தொழிலதிபர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் நெருங்கியபோது அவர் தப்பி வந்த கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. தீக்காயங்களோடும் தற்காலிகமாகப் பார்வை இழந்த நிலையிலும் உயிர் பிழைத்து, இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். ஊர் பகைவர் கையில் இருந்தது. மும்பையில் சாலிம் அலியோடு ஏற்பட்ட நட்பு அவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்றது. மீண்ட கண்களால் பறவைகளைப் படமெடுப்பதே அவர் வாழ்நாள் ஈடுபாடாயிற்று. பின்னாளில் சாலிம் அலியின் ஆய்வுப் பயணங்களுக்குப் பொருளுதவியும் செய்தார். மனைவியை இழந்த ஒருவரும் ஊரை இழந்த ஒருவரும் ஒரே முகாமில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தனர். கானக முகாமின் ஆறுதலில் உடனிருப்பவருக்கும் பெரிய பங்கு உண்டு.

உளவியல் விளக்கம்

துயர் பற்றிய ஆய்வுகள் இரண்டு கருத்துகளால் இந்த ஆறுதலை விளங்கிக்கொள்ள உதவுகின்றன. 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல், இறந்தவரோடு உள்ள உறவு அறுபடாமல் வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என்று வாதிட்டது. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் இருவழி மாதிரியை முன்வைத்தனர். துயரில் இருப்பவர் சில வேளை இழப்பை நேராக எதிர்கொண்டு அழுகிறார். சில வேளை அதை விட்டு விலகி அன்றாட வேலையிலும் புதிய பொறுப்பிலும் இறங்குகிறார். இந்த இரண்டுக்கும் இடையே போய்வருவதே தேறுதல் என்பது அவர்கள் கருத்து.

முகாம் வாழ்வில் இந்த இரண்டுக்கும் இடமுண்டு. விறகு பொறுக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், இருட்டுமுன் சமைத்தாக வேண்டும். இவை துயரில் இருப்பவரைக் கையைப் பிடித்து அடுத்த மணிநேரத்துக்குக் கூட்டிச் செல்கின்றன. இரவிலோ, யாரும் ஆறுதல் சொல்லி இடைமறிக்காமல் அழ இடமிருக்கிறது. ஜப்பானில் வனத்துறை 1982இல் கானகக் குளியல் என்னும் பழக்கத்தை முன்வைத்தது. காட்டில் மெதுவாக நடந்து புலன்களால் அதை உணர்வதே அது. பறவை பார்ப்பவர் இதோடு ஒன்றைச் சேர்க்கிறார். மனம் எத்தனை கலங்கியிருந்தாலும், இலைமறைவில் இருக்கும் குருவியை இனம் காண அந்த நொடியில் முழுக் கவனமும் அங்கே நிற்க வேண்டும்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

மலை எல்லோருக்கும் ஆறுதல் தருவதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டம் ராஜமலை அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அந்தக் குடும்பங்களுக்கு மழையும் மலைச்சரிவும் துயரின் காரணங்கள். அவர்களிடம் காட்டுக்குப் போய் மனம் தேறுங்கள் என்று சொல்வது கொடுமை.

ஆபத்தையும் மறக்கக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று, இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடைபயணம் வந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் தமிழ்நாடு அரசு மலைநடைப் பயணங்களுக்கு அதே ஆண்டில் விதிகள் வகுத்தது. வன அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் இக்காடுகளில் முகாமிடுவது சட்டத்துக்கும் உயிருக்கும் எதிரானது. துயரின் முதல் நாட்களில் தனியாகக் காட்டுக்குப் போவது நல்லதல்ல.

மாதக்கணக்கில் தூக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அதற்கு மருத்துவ உதவி வேண்டும். இந்திய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416இல் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். முகாம் அந்த உதவிக்குத் துணையாகலாம். அதன் இடத்தை நிரப்பாது.

இன்றைய முகாம்கள்

பரம்பிக்குளத்தில் கேரள வனத்துறை ஆனைப்பாடியில் கூடாரங்களையும் தூணக்கடவில் மரவீட்டையும் பயணிகளுக்குத் தருகிறது. உடன் வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இக்காட்டுப் பழங்குடியினர். தூணக்கடவுக்கு அருகே நூற்றாண்டுகள் கண்ட கன்னிமாரா தேக்கு நிற்கிறது. சாலிம் அலி வியந்து பாராட்டிய தட்டேக்காடு 1983இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது அவர் பெயரையே தாங்குகிறது. கோவை ஆனைகட்டியில் 1990இல் தொடங்கிய பறவையியல் ஆய்வு மையத்துக்கும் அவர் பெயரே. தமிழ்நாடு வனத்துறை 2024இல் 40 மலைநடைப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது.

1933ஆம் ஆண்டு முகாம் வரிசையைப் பின்பற்றி, 75 ஆண்டுகள் கழித்துக் கேரளப் பறவை ஆய்வாளர்கள் அதே இடங்களில் மறு கணக்கெடுப்பு நடத்தினர். எந்தப் பறவை குறைந்தது, எது புதிதாக வந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்கு, அன்றைய கவனமான குறிப்புகளே காரணம்.

இன்று துயரோடு இம்மலைகளுக்கு வருபவர்களும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம், வனத்துறையின் தன்னார்வப் பணிகளில் பங்கேற்கலாம், பார்த்ததை நாள், இடம், எண்ணிக்கையோடு எழுதிவைக்கலாம். இழந்தவர் திரும்பி வரமாட்டார். ஆனால் அவரை நினைத்தபடி ஒருவர் நேர்மையாகச் செய்யும் வேலை, யாரென்றே தெரியாத இன்னொருவருக்கு என்றோ ஒரு நாள் பயன்படும்.